சூதாடியின் கட்டுப்பாடு

2024 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒரு மாலைப் பொழுது. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றிருந்தனர். பங்கு அலுவலகத்தில் அமர்ந்து திருமுழுக்குப் பதிவேட்டில் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் வந்து, மேசை மீது ஒரு கவரை வைத்தார். "ஃபாதர், கோயில் கூரை வேலைக்கு" என்றார். உள்ளே 650 ரூபாய் இருந்தது. மாதம் 18,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் அவர். முழுத் தொகையாக இல்லாமல் இப்படி ஓர் எண்ணில் காணிக்கை தருபவர்களை நான் கண்டதில்லை. "இது என்ன கணக்கு, தம்பி?" என்றேன். "பத்தில் ஒன்று, ஃபாதர்" என்று சொல்லித் தம் தோள்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன் விரித்தார்.

தொடர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. அலுவலக அறையில், கதவு திறந்திருக்க, அவரே பேசியது. அவருடைய இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். எழுதுமாறு என்னைத் தூண்டியவரும் அவர்தான்.

நோட்டில் அளவுகோல் வைத்துக் கட்டங்கள் போடப்பட்டிருந்தன. நாள், ஆட்டம், பந்தய விகிதம், வைத்த தொகை, முடிவு, கையிருப்பு. கிரிக்கெட் ஆட்டங்களின் மீது கைப்பேசி வழியாக, ஏதோ ஓர் அயல்நாட்டுத் தளத்தில் கட்டிய பந்தயங்களின் கணக்கு அது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் விதிகள் எழுதப்பட்டிருந்தன. கையிருப்பில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஒரே ஆட்டத்தில் வைக்கக் கூடாது. தொடர்ந்து இருமுறை தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தோற்றதை மீட்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆடவே கூடாது. சென்னை அணி ஆடும் நாளில் பந்தயம் இல்லை. பாசம் கணக்கைக் கெடுக்கும். புனித வெள்ளி அன்று இல்லை. இருசக்கர வாகனம் வாங்குவதற்கெனச் சேர்த்த 50,000 ரூபாயில் தொடங்கி, ஒவ்வொரு பந்தயத்துக்கும் 1,000 ரூபாய் வீதம், 60 பந்தயங்களில் 35 இல் வென்று, 6,500 ரூபாய் ஈட்டியிருந்தார். பந்தயம் கட்டுமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதாகவும் கூறினார்.

"ஃபாதர், தவக்காலத்தில் தன்னடக்கம் பற்றி நீங்கள் மூன்று வாரம் மறையுரை ஆற்றினீர்கள். எனக்கு அது கோயிலில் வரவில்லை, இதில்தான் வந்தது. முன்பு நான் எதற்கெடுத்தாலும் கோபப்படுவேன். இப்போது ஆயிரம் ரூபாய் போனாலும் மனம் பதறுவதில்லை. நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போகிறேன். இது தவறு என்றால், எந்த இடத்தில் தவறு என்று காட்டுங்கள்" என்றார்.

நான் முதலில் சட்டத்தைக் காட்டினேன். இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2022 இல் நிறைவேற்றியதையும், ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பிய பின் 2023 இல் மீண்டும் நிறைவேற்றியதையும் சொன்னேன். அவர் மரியாதையோடு சிரித்தார். சட்டம் தடுப்பதால் மட்டும் ஒரு செயல் எப்படித் தீயதாகிறது என்பதை நான் விளக்கவில்லை என்று அந்தச் சிரிப்பு சொல்லிற்று. கவரை மேசையின் இழுப்பறையில் வைத்து, "பிறகு பேசுவோம், தம்பி" என்று அனுப்பிவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறநெறி பற்றிப் பேசி வருபவனுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

குருமடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டதை நேர்மையாக நினைவுகூர்கிறேன். சூதாட்டம் எல்லா நிலையிலும் பாவம் என்று திருச்சபை ஒருநாளும் கூறியதில்லை. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அதன் 2413 ஆம் பத்தியில், வாய்ப்பு விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மிலேயே நீதிக்கு முரணானவை அல்ல என்றுதான் தொடங்குகிறது. ஒருவர் தமக்கோ பிறருக்கோ இன்றியமையாததை இழக்கச் செய்யும்போது அவை ஏற்கத் தகாதவையாகின்றன. அந்த வேட்கை மனிதனை அடிமையாக்கும் ஆபத்து உண்டு என்று பின்னர் எச்சரிக்கிறது. பழைய அறநெறி நூல்கள் நான்கு நிபந்தனைகள் வைத்தன: பணயப் பொருள் ஆடுபவனுக்கே உரியதாக இருக்க வேண்டும், இசைவு சுதந்திரமானதாக இருக்க வேண்டும், வஞ்சனை இருக்கக் கூடாது, இரு தரப்பாருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். என் இளைஞர் இவற்றுள் எதை மீறினார் என்று முதற்பார்வையில் சொல்ல முடியவில்லை. பணம் அவருடையது, வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அதோடு, என் கைகளும் முற்றிலும் தூயவை அல்ல. ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழா மாலையிலும் எங்கள் பங்கு மண்டபத்தில் தம்போலா ஆடுகிறோம். பத்து ரூபாய் சீட்டு. எண்களை ஒலிபெருக்கியில் வாசிப்பவன் நானே. அதில் வரும் தொகையில்தான் சென்ற ஆண்டு நாற்காலிகள் வாங்கினோம். என்றாலும் தம்போலா ஆடிவிட்டு வீடு செல்லும் பாட்டி அடுத்த வாரத்துக்கு ஒரு திட்டம் வகுப்பதில்லை. விதிகள் எழுதுவதில்லை, தோல்விக்குப் பின் எப்படி நடந்துகொள்வது என்று தம்மைப் பயிற்றுவிப்பதில்லை. விளையாட்டு அந்த மாலையோடு முடிந்துவிடுகிறது. ஒழுங்கும் விதியும் தேவைப்படும் அளவுக்கு ஒரு பொழுதுபோக்கு வளர்ந்துவிட்டதென்றால், அது ஏற்கெனவே பொழுதுபோக்கு என்ற எல்லையைக் கடந்துவிட்டது. இது என் சொந்தக் கருத்து. மறைக்கல்வி நூலின் கருத்தன்று.

முதலில், அவருடைய உத்தி பயன் தருமா என்று பார்க்கலானேன். அறநெறி ஆய்வில் இது தேவையா என்று சிலர் கேட்கலாம். தேவை என்றே நினைக்கிறேன். முன்மதி என்னும் புண்ணியம் உண்மை நிலையை உள்ளபடி காண்பதில் தொடங்குகிறது. இரு அணிகளும் சம வலிமை உடையவை என்று கொள்வோம். பந்தய நிறுவனம் நூறு ரூபாய் வைத்து வென்றவனுக்கு 200 ரூபாய் தருவதில்லை. 190 ரூபாய் தருகிறது. நூறு பந்தயங்களில் ஒருவன் 10,000 ரூபாய் வைத்து, ஐம்பதில் வென்றால் அவன் கைக்குத் திரும்புவது 9,500. ஐம்பத்திரண்டில் வென்றாலும் 9,880 தான். ஐம்பத்து மூன்றில் வென்றால்தான் 70 ரூபாய் மிஞ்சும். விதிகளைச் சரியாகக் கடைப்பிடிப்பவனும் இந்தச் சரிவின் மீதுதான் நடக்கிறான். அவன் மெதுவாக இறங்குகிறான், மற்றவன் உருண்டு விழுகிறான்.

அப்படியானால் 60 இல் 35 வெற்றி எப்படி வந்தது? எங்கள் பங்குப் பள்ளியின் கணித ஆசிரியரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவர் ஒரு தாளில் கணக்கிட்டுவிட்டுச் சொன்னார்: "சாமி, எட்டுப் பேரை உட்காரவைத்து ஆளுக்கு அறுபது முறை நாணயம் சுண்டச் சொன்னால், அவர்களில் ஒருவருக்கு முப்பத்தைந்தோ அதற்கு மேலோ தலை விழும்." மற்ற ஏழு பேர் நோட்டை எடுத்துக்கொண்டு பங்குக் குருவிடம் வருவதில்லை. எட்டாமவர் மட்டும் வருகிறார், காணிக்கையோடு.

வாய்ப்பைக் கணக்கிடும் கலையே சூதாட்ட மேசையில் பிறந்ததுதான். இத்தாலியரான கார்தானோ பதினாறாம் நூற்றாண்டில் பகடையைப் பற்றி எழுதினார். அவர் தாமே சூதாடி. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்பது பற்றி 1654 இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 23 இரவுதான் பாஸ்கல் தம் வாழ்வை மாற்றிய இறை அனுபவத்தைப் பெற்றார் என்பது குருமட நாட்கள் முதலே எனக்கு வியப்பு. பின்னர் 1956 இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கெல்லி என்பவர், கையிருப்பில் எவ்வளவு பங்கைப் பணயம் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாடு தந்தார். பந்தயக்காரர்கள் இன்று 'பண நிர்வாகம்' என்று சொல்லிக்கொள்வதற்கெல்லாம் அதுவே அடிப்படை. ஆனால் அந்த வாய்பாட்டை முழுதும் படிப்பவர் குறைவு. ஆடுபவனுக்குச் சாதகமான வாய்ப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு வைக்கலாம் என்று அதைக் கேட்டால், ஒன்றும் வைக்காதே என்றுதான் அது விடை தருகிறது. ஆக, மிகச் சிறந்த உத்தி என்று போற்றப்படுவதே பெரும்பாலோரை வீட்டுக்குப் போகச் சொல்கிறது!

தோற்ற ஒவ்வொரு முறையும் தொகையை இரட்டிப்பாக்கும் பழைய முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு ரூபாயில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றவன் 12,700 ரூபாயை இழந்திருப்பான். எட்டாவது முறை 12,800 ரூபாய் வைத்தாக வேண்டும், மொத்தத்தில் நூறு ரூபாய் ஆதாயம் காண்பதற்கு. 1913 ஆகஸ்டில் மான்டே கார்லோவின் சுழல்வட்டில் கறுப்பு நிறம் தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிப் பெருந்தொகை வைத்தவர்கள் அன்று இழந்தார்கள்.

ஆனால் என் இளைஞருக்கு நெருங்கிய உறவினர் இவர்கள் அல்லர். தஸ்தயேவ்ஸ்கிதான். 1863 இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில், சுழல்வட்டில் வெல்லும் இரகசியத்தைத் தாம் கண்டுகொண்டதாகத் தெரிவித்தார். ஒவ்வொரு கணமும் தன்னை அடக்கிக்கொண்டு, கிளர்ச்சி அடையாமல் இருப்பதே அந்த இரகசியம்! அது மிக எளியது என்றும், தம்மால் அதைக் கடைப்பிடிக்க இயலுமா என்பதே கேள்வி என்றும் அவருக்கே தெரிந்திருந்தது. 1866 இல் 'சூதாடி' என்னும் நாவலை 26 நாட்களில் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். எழுதிக்கொடுத்த அன்னாவே பின்னர் அவருடைய மனைவியானார். அந்த அம்மையாரின் நகைகளும் உடைகளும் அடகுக் கடைக்குப் போயின. 1871 இல்தான் அவர் சூதை விட்டார். மனித உள்ளத்தை அவர் அளவுக்கு ஊடுருவிப் பார்த்தவர் அரிது. தன்னடக்கம் என்னும் கயிற்றால் சூதைக் கட்டிவிடலாம் என்று எட்டு ஆண்டுகள் நம்பியவரும் அவரே.

சரி, ஒருவர் உண்மையிலேயே வெல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவர்களும் உண்டு. எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962 இல் வெளியிட்ட நூலில், ஒரு சீட்டாட்டத்தில் விடுதியை வெல்லும் வழியைக் கணக்கிட்டுக் காட்டினார். விடுதிகள் ஆட்ட விதிகளை மாற்றின. சீட்டுகளை எண்ணுபவர்களை வெளியேற்றின. பிரிட்டனில் தொடர்ந்து வெல்லும் வாடிக்கையாளரின் பணய வரம்பைப் பந்தய நிறுவனங்கள் குறைத்துவிடுவது அங்கே பலரும் அறிந்த செய்தி. தோற்பவன் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம்; வெல்பவனுக்குத்தான் கதவு மூடப்படுகிறது. இதே நிறுவனங்கள்தாம் 'பொறுப்போடு விளையாடுங்கள்' என்று விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. கேட்பவன் அதைக் கடைப்பிடித்துவிட்டால் சொன்னவனுக்கு நட்டம். அப்படியொரு போதனையை நான் பிரசங்க மேடையில் கேட்டதில்லை.

இப்போது என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கட்டுப்பாடு என்பது தன்னிலேயே புண்ணியமா? புனித தாமஸ் அக்குவினாஸ் முன்மதியைப் பற்றிப் பேசுமிடத்தில், பாவிகளிடமும் முன்மதி இருக்கக்கூடுமா என்று ஒரு கேள்வியை எழுப்புகிறார். திறமைசாலியான திருடனை நாம் 'நல்ல திருடன்' என்று சொல்வதுபோல, தீய நோக்கத்துக்கு ஏற்ற வழிகளைத் தேடிக் காண்பதும் ஒருவகை முன்மதிதான், ஆனால் பொய்யான முன்மதி என்பது அவர் விடை. புனித அகுஸ்தினாரும் கஞ்சனை எடுத்துக்காட்டாக வைக்கிறார். கஞ்சனும் ஆராய்ந்து செயல்படுகிறான், ஆடம்பரத்தை வெறுக்கிறான், துன்பத்தைத் தாங்குகிறான். ஆனால் இவற்றுள் எதையும் புண்ணியம் என்று அவர் ஏற்கவில்லை. நம் ஊரில் கன்னம் வைக்கப் போகிறவனும் இரவெல்லாம் விழித்திருக்கிறான். நாம் அதை இரவு முழுவதும் கண்விழித்துச் செபிப்பதோடு ஒப்பிடுவதில்லை.

ஆனாலும் இந்த விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. திருடனின் நோக்கம் வெளிப்படையாகத் தீயது. இந்த இளைஞரின் நோக்கம் என்ன? ஒரு வாகனம் வாங்குவது, கோயில் கூரைக்குக் கொடுப்பது. லூக்கா நற்செய்தியில் வரும் நேர்மையற்ற வீட்டுப் பொறுப்பாளரையே ஆண்டவர் முன்மதிக்காகச் சுட்டிக்காட்டவில்லையா என்று அவர் கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். நல்லவேளையாக அவருக்கு அது நினைவு வரவில்லை.

விடை வேறிடத்தில் கிடைத்தது. அதே அக்குவினாஸ், தருமம் செய்வதைப் பற்றிய பகுதியில், முறையற்ற வழியில் ஈட்டியதிலிருந்து தருமம் செய்யலாமா என்று வினவி, அங்கே சூதில் வென்ற பணத்தையும் எடுத்துக்கொள்கிறார். சிறுவர், மனநலம் குன்றியவர் போன்று, தம் பொருளைக் கைமாற்றும் உரிமை அற்றவர்களிடமிருந்து வென்றதையும், பொருளாசையால் பிறனை ஆட்டத்துக்கு இழுத்து வஞ்சித்து வென்றதையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்கிறார். இதைப் படித்தபோதுதான், இழுப்பறையில் இருக்கும் கவரைப் பற்றி நான் கேட்க வேண்டிய கேள்வி எது என்று விளங்கிற்று. இந்த 650 ரூபாய் யாருடையது?

பந்தய நிறுவனம் தன் பையிலிருந்து எதையும் தருவதில்லை. தோற்றவர்களிடம் திரட்டி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வென்றவர்களுக்குத் தருகிறது. விதிகளோடு ஆடி ஒருவன் வெல்வதானால், விதிகளின்றி ஆடித் தோற்கும் பலர் அவனுக்குத் தேவை. அவர்கள் யார்? குடித்துவிட்டு ஆடுபவன், போனதை மீட்க வேண்டும் என்று துடிப்பவன், மனைவிக்குத் தெரியாமல் கடன் செயலியில் பணம் எடுத்தவன். சிவப்பு மையில் எழுதிய ஒவ்வொரு விதியும், அதை மீறும் ஒரு மனிதனைக் காட்டுகிறது. ஆதாயம் வருவது அவனிடமிருந்துதான். அவனுடைய இசைவு சுதந்திரமானதா? தளை பூட்டப்பட்டவனின் தலையசைப்பை இசைவென்று அக்குவினாஸ் ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. இங்கே கட்டுப்பாடு எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவுக்கு அது பிறனுடைய கட்டுப்பாடின்மையைத் தன் வயலாக்கி உழுகிறது. நோன்பிருப்பவன் தன் சோற்றை விட்டுக்கொடுக்கிறான். இவர் அடுத்தவனின் பசியைக் காத்திருந்து அறுவடை செய்கிறார். என் தவக்கால மறையுரைக்கும் அவருடைய நோட்டுக்கும் உள்ள தொலைவு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

நம் நீதிமன்றங்கள் நீண்டகாலம் வேறொரு கோடு கிழித்து வந்தன. திறமை மேலோங்கிய ஆட்டம் சூது ஆகாது என்பது அந்தக் கோடு. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967 இல் கூறியது. தமிழகக் குதிரைப் பந்தய வழக்கில் 1996 இல் அதுவே பந்தயக் குதிரைகளுக்கும் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தமிழகச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மி, போக்கர் இரண்டையும் அதன் தடைக்கு வெளியே வைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்தான், திறமையா வாய்ப்பா என்று பாராமல், பணம் வைத்து இணையவழியில் ஆடும் ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. சட்ட நுணுக்கத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. அறநெறியின் பார்வையில் மட்டும் ஒன்று சொல்வேன். வெறும் வாய்ப்பால் ஒருவனை வெல்பவன் அவனைவிட அதிர்ஷ்டசாலி, அவ்வளவே. திறமையால் வெல்பவனோ, எதிரே இருப்பவன் தனக்கு ஈடானவன் அல்லன் என்பதை அறிந்தே அமர்கிறான். பழைய நூல்கள் கேட்ட சம வாய்ப்பு என்னும் நிபந்தனை அங்கேதான் முதலில் உடைகிறது.

ஜூன் மாதத்தில் அவரை அழைத்து இவற்றைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "ஃபாதர், நான் ஆடாவிட்டாலும் அவன் தோற்கத்தான் போகிறான்" என்றார். பதில் சொன்னேன்; ஆனால் அவர் உள்ளத்தில் அது தைக்கவில்லை என்பதை முகம் காட்டியது. கவரை என்னிடமே விட்டுச் சென்றார்.

செப்டம்பரில், அன்னையின் பிறப்பு விழாவுக்கு மறுநாள், அவருடைய தாய் வந்தார். "சாமி, என் கழுத்துச் சங்கிலி அடகுக் கடையில இருக்கு. நான் வைக்கல" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மொத்தக் கடன் 2,30,000 ரூபாய். அன்று மாலை இளைஞரே நோட்டைக் கொண்டுவந்தார். நான் அதை நான்கு மாதங்களுக்கும் புரட்டிப் பார்த்தேன். ஒரு விதியும் மீறப்படவில்லை. கையிருப்பு 47,000 சொச்சம் என்று காட்டிற்று. அதாவது கிரிக்கெட்டில் சிறு நட்டம், கணித ஆசிரியர் சொன்ன சரிவுதான். பணம் போனது வேறு வழியில். இரவு பதினொன்றுக்கு மேல், படுக்கையில், கைப்பேசியில் சீட்டாட்டம். சில நாட்களில் விடியற்காலை மூன்று மணிவரை. தொடங்கியது ஏப்ரலில், அதாவது அவர் என்னிடம் முதல்முறை வருவதற்கு முன்பே. நோட்டை எழுதி மூடிய பின், தம்மை அடக்கி ஆண்டதற்குத் தமக்குத் தாமே தந்துகொண்ட ஒரு சிறு பரிசாக அது தொடங்கியதாம்.

"அதை ஏன் தம்பி எழுதவில்லை?" என்றேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுதினால் அதுவும் நான்தான் என்று ஆகிவிடுமே, ஃபாதர்" என்றார்.

பழக்கம் என்ற சொல்லை நாம் மேலோட்டமாகப் பயன்படுத்துகிறோம். இலத்தீனில் அக்குவினாஸ் 'ஹாபித்துஸ்' என்று சொல்வது, திரும்பத் திரும்பச் செய்ததால் ஒருவனுடைய இயல்பாகவே ஆகிவிட்ட ஒரு சாய்வு. அது செயலை எளிதாக்கும், இனிதாக்கும். அவர் தம்முள் வளர்த்துக்கொண்டது கட்டுப்பாடு என்னும் சாய்வு என்று இருவருமே நம்பினோம். உண்மையில் ஒவ்வொரு மாலையும் அவர் பழகியது, முடிவு தெரியாத ஒன்றின் மீது பணத்தை வைத்துக் காத்திருப்பதன் இனிமையை. விதிகள் அந்த இனிமையைச் சுற்றி எழுப்பிய வேலி. வேலிக்குள்ளே செடி நன்றாக வளர்ந்தது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு உயிரினங்கள் எவ்வளவு பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப முயலும் என்பதைப் புறாக்களை வைத்து ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டினார். சீட்டாட்டச் செயலி வடிவமைப்பவர்கள் அவரைப் படித்திருக்கிறார்கள். நம் இளைஞர்கள் படித்ததில்லை.

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார், 94 ஆவது. அதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்திருக்கிறார். அந்த வைப்பு முறையைக் கண்டு நான் பலமுறை நின்றதுண்டு. அங்கே முதல் குறளே வெற்றியைப் பற்றியது, தோல்வியைப் பற்றியதன்று. வென்றவனைத்தான் அவர் தூண்டிலை விழுங்கிய மீனாகப் பார்க்கிறார். மே மாதத்தில் என் மேசைக்கு முன் அமர்ந்திருந்தவரை நான் அப்படிப் பார்க்கவில்லை. நான் பார்த்தது விதிகளை. வியந்தது அந்த அழகிய கட்டங்களை. இழுப்பறையில் கவரை வைத்துவிட்டு, மேற்கோள்களைத் தேடிக்கொண்டிருந்தேன். 'இரவில் நன்றாகத் தூங்குகிறாயா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நோட்டை மூடிவிட்டுத் தூங்கப் போவதாக அவர்தான் முதலிலேயே சொல்லியிருந்தாரே, அதை நம்பிவிட்டேன்.

புனித கமில்லஸ் தெ லெல்லிஸின் வரலாற்றை அவருக்குப் படிக்கக் கொடுத்தேன். 1550 இல் பிறந்த இந்தப் போர்வீரர், 1574 இல் நேப்பிள்ஸ் நகரில் தம் உடைமைகள் எல்லாவற்றையும் சூதில் இழந்து பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தவர். கப்புச்சின் துறவிகளின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்து, 1575 பிப்ரவரியில் மனம் திரும்பினார். பின்னர் நோயாளரின் பணியாளர் சபையை நிறுவினார். அவருக்கு உதவியது உறுதியான விதிகள் அல்ல என்பதே என் வாசிப்பு. முன்பு அவர் நேர்ந்துகொண்ட வாக்குகள் நிலைக்கவில்லை. காலில் ஆறாத புண்ணோடு அவர் மருத்துவமனையில் கிடந்தார். அருகில் கிடந்த நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார். சீட்டுக்கட்டு பிடித்த கை மெல்ல மெல்ல வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் ஆண்டுகள் ஆயின. இளைஞர் படித்துவிட்டு, "இவருக்குக் கைப்பேசி இல்லை, ஃபாதர்" என்றார். அதுவும் உண்மைதான்.

பின்னர் நடந்தவை சாதாரணமானவை. கைப்பேசியை அக்காள் கணவரிடம் கொடுத்துவிட்டு, பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றை வைத்துக்கொண்டார். ஊதியம் தாயின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் முதலில் நானும் அவருமாகப் பேசினோம். பின்னர் மாவட்ட மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து வருகிறார். ஒருமுறை, அலுவலக நண்பரின் கைப்பேசியில், வழுக்கி விழுந்தார். 3,000 ரூபாய் போயிற்று. அதை அன்றிரவே ஒரு தாளில் எழுதி மறுநாள் என்னிடம் கொண்டுவந்தார். அந்தத் தாளில் கட்டங்கள் இல்லை.

கவர் நெடுநாள் இழுப்பறையிலேயே கிடந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியவர் யார் என்று தெரியாதபோது அதை ஏழைகளுக்குச் சேர்க்கலாம் என்பது அறநெறி நூல்களின் வழக்கமான தீர்வு. கணக்குப்படி பார்த்தால், வென்றதைவிடப் பன்மடங்கு இழந்துவிட்ட அவர் இப்போது எவருக்கும் திருப்பித் தர வேண்டியவரே அல்லர். சென்ற மாதம் பாடல் பயிற்சி முடிந்தபின் அலுவலகத்துக்கு வந்து, அம்மாவின் சங்கிலிக்கு வட்டி கட்ட வேண்டும், அந்தப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். வட்டி 710 ரூபாய் ஆகியிருந்தது. மீதி 60 ரூபாயை என் சட்டைப் பையிலிருந்து கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, அடகுக் கடை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.